சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன்: சட்டம் கேட்பதும் செய்ய வேண்டியதும்

ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல், ஓமலூர், தாரமங்கலம் என்று சேலம் மாவட்டத்தில் குச்சிக்கிழங்கு அரைக்கிற ஊர்களில், ஆலையின் மிக ஆபத்தான நாள் அரவை உச்சத்தில் ஓடும் நாள் அல்ல. கிழங்கு வரத்து நின்று, ஆலை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, அடுத்த சீசனுக்காகக் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கிற நாள்தான். மேஸ்திரி நாலு பேரைக் கூட்டி வருவார். ஒருவர் ஏணி வைத்து இறங்குவார். அடியில் கறுத்துக் கிடக்கும் திப்பியை (கிழங்குச் சக்கையை) மண்வெட்டியால் ஒரு புரட்டு புரட்டுவார். அவர் சரிந்ததைப் பார்த்து இரண்டாமவர் குதிப்பார், அவரைத் தூக்க மூன்றாமவர்.

இது ஆலை முதலாளி, மேனேஜர், மேஸ்திரி மூவருக்கும் எழுதியது. அரவை மெஷின், பெல்ட், ஆசிட் பற்றியும் பின்னால் வரும். ஆனால் பெரும்பகுதி தொட்டியைப் பற்றியது. மெஷின் ஒருவரின் கையைப் பறிக்கும். தொட்டி ஒரே கால் மணி நேரத்தில் மூன்று குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும்.

யார் தலையில் விழும்

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2020, கடந்த 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. பழைய சட்டத்தின் கீழ் போட்ட விதிகள், புதியதோடு முரண்படாத அளவில், மாற்று விதிகள் வரும்வரை செல்லுபடியாகும். ஆகவே "பழைய சட்டம் போயிடுச்சு, புது ரூல்ஸ் இன்னும் வரல, நடுவுல ஒண்ணும் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மின்சாரத்தில் ஓடும் ஆலையில் 20 தொழிலாளர் இருந்தால் புதிய சட்டத்தில் அது தொழிற்சாலை, பழையதில் 10. இதைக் கேட்டதும் 19 பேரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. கணக்கு நிற்காது. கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 20 பேர் வேலை செய்திருந்தாலே போதும். மேஸ்திரி மூலம் வந்த லோடுமேன்களும், காயவைக்கும் களத்தில் வேலை செய்கிற பெண்களும் எண்ணிக்கையில் சேருவார்கள். அதோடு, முதலாளியின் அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் அத்தியாயம் 10 பேர் உள்ள இடத்துக்கே பொருந்தும்.

அந்தக் கடமைகள் 6-ஆம் பிரிவில் இருக்கின்றன. வேலையிடத்தில் காயமோ தொழில்நோயோ உண்டாக்கும் ஆபத்து இருக்கக்கூடாது. ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும். குறிப்பிட்ட வயதினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும். பாதுகாப்புக்காக வாங்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. பூட்ஸ், கையுறைக்குக் கூலியில் கழிப்பது பல ஆலைகளில் வழக்கமாகவே இருக்கிறது. அது நேரடிச் சட்டமீறல்.

ஆலை விவகாரத்தில் கடைசிச் சொல் யாருடையதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் ஆக்குபையர். கம்பெனி என்றால் டைரக்டர்களில் ஒருவர், கூட்டு வியாபாரம் என்றால் பங்குதாரர்களில் ஒருவர். ஒரு சீசனுக்குக் குத்தகை எடுத்து ஓட்டினால், ஓட்டுகிறவரே. "தொட்டி கழுவுறதை காண்ட்ராக்ட் விட்டுட்டேன்" என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கி வைப்பது சேலத்துப் பக்கம் புதிதல்ல. அந்தத் தாள் காண்ட்ராக்டரையும் வழக்கில் சேர்க்க உதவும், முதலாளியை வெளியே எடுக்காது. கடமையை மீறியதால் மரணம் நேர்ந்தால் 103-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் இறந்தவரின் வாரிசுகளுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

தொட்டிக்கென்று குறிப்பாகச் சொன்னது 1948 சட்டத்தின் 36-ஆம் பிரிவு. வாயு இருக்க வாய்ப்புள்ள அறை, தொட்டி, குழி எதிலும் ஆள் நுழைவதற்கு முன் உள்ளிருக்கும் வாயுவை நீக்க இயன்ற எல்லாம் செய்திருக்க வேண்டும். பிறகு, தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். வேலைக்கு இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். புதிய சட்டம் விவரத்தை விதிகளுக்கும் தரநிலைகளுக்கும் விட்டிருக்கிறது. 36-இன் நடைமுறையை எழுத்தில் வைத்திருப்பவருக்கு 6-ஆம் பிரிவின் கடமையைச் செய்தேன் என்று காட்ட ஆதாரம் இருக்கும்.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது

கிழங்கு மாவு கலந்த தண்ணீர் காற்றுப் படாமல் நின்றால் புளிக்கும். முதலில் கார்பன்-டை-ஆக்சைடு, பிறகு மீத்தேன், கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு. இருக்கிற ஆக்சிஜனையும் கிருமிகள் தின்றுவிடும். கிழங்கிலேயே சயனைடு சேர்மம் உண்டு என்பது கிழங்கு அரைக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் தேங்கிய தொட்டியில் முதல் எதிரி ஹைட்ரஜன் சல்ஃபைடு.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உஷாராகிவிடலாம் என்று நினைக்கிறார்கள். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவைத் தொட்டதும் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் 'போய்விட்டது' என்று தோன்றும். அந்த அளவிலேயே உயிராபத்து தொடங்கிவிடுகிறது. 700-க்கு மேல் போனால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அனுமதித்தது எட்டு மணி நேரச் சராசரியாக 10 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 15.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் படுத்திருக்கும். கார்பன்-டை-ஆக்சைடும் அப்படியே. மீத்தேன் இலேசானது, மூடியிட்ட தொட்டியின் கூரைக்கடியில் சேரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கத்தைத் தொட்டிக்குக் கொண்டுவரக்கூடாது என்பது இதனால்தான். சுடர் அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், சரி. அணையாவிட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை என்று அர்த்தமில்லை. மீத்தேன் இருந்தாலோ சோதனையே வெடிவிபத்தாகிவிடும்.

மாவு படியவைக்கிற திறந்த, ஆழமில்லாத தொட்டிகளில் ஆட்கள் தினமும் இறங்கி வழிக்கிறார்கள். ஓடும் ஆலையில், தண்ணீர் அன்றன்றைக்கு மாறும்போது அங்கே வாயு பெரிதாகச் சேர்வதில்லை. தரைக்கடியில் இருக்கும் சம்ப், மூடியிட்ட கழிவுநீர்த் தொட்டி, பயோகேஸ் கலன், பல நாள் தேங்கிய எந்தக் குழி என்றாலும் கீழே சொல்லும் நடைமுறை ஒன்றுவிடாமல் வேண்டும்.

இறங்கித்தான் ஆக வேண்டுமா

முதல் கேள்வி இதுதான், பெரும்பாலும் பதில் 'இல்லை'. ஸ்லரி பம்பு வைத்து உறிஞ்சலாம். கெட்டியாக இருந்தால் மேலிருந்து குழாயில் வேகமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து உறிஞ்சலாம். கழிவுநீர் லாரியைக் கூப்பிடலாம். நீளக் கைப்பிடி வைத்த வழிப்பானால் வெளியே நின்றே இழுக்கலாம். சீசன் முடிந்த வாரத்திலேயே, திப்பி இறுகுமுன் தொட்டியைக் காலி செய்து திறந்து போட்டால், அடுத்த சீசனில் இந்தச் சங்கடமே இல்லை. திறந்து போட்டால் சுற்றிலும் கைப்பிடிக் கம்பியோ வேலியோ கட்டாயம். புதிதாகத் தொட்டி கட்டுகிறவர்கள் தரையை ஒரு பக்கமாகச் சரித்து, அடிமட்டத்தில் வடிகால் வால்வு வைத்து, மூடித் துவாரத்தை 60 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல் வைத்தால் இருபது வருடத் தலைவலி தீரும்.

வெடிப்பு அடைக்க, குழாய் மாற்ற என்று இறங்கியே தீர வேண்டிய வேலைகள் உண்டு. அதற்குத்தான் மீதி.

பெர்மிட் தாள்

தொட்டிக்குள் இறங்க எழுத்தில் தரும் அனுமதி இது. ஒரு பக்கம் போதும். எந்தத் தொட்டி, என்ன வேலை, இறங்குபவர் பெயர், மேலே நிற்பவர் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம். பூட்டிய சுவிட்ச், மூடிய வால்வு எவை. காற்று ஊதத் தொடங்கிய நேரம். மூன்று மட்டத்தில் எடுத்த வாயு அளவுகள், எடுத்த நேரம், எடுத்தவர் கையெழுத்து. மீட்புக் கருவிகள் இடத்தில் உள்ளனவா. கடைசியில், எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள் என்று நேரத்தோடு கையெழுத்து.

ஒரு ஷிப்டுக்கு ஒரு தாள். சாப்பாட்டுக்கு மேலே வந்து அரை மணி நேரம் கழித்து இறங்கினால் வாயு அளவை மறுபடி எடுத்து அதே தாளில் எழுத வேண்டும். மேனேஜர் ஆபீஸில் உட்கார்ந்தபடி காலையில் பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு வைப்பதைவிட, பெர்மிட்டே இல்லாமல் இருப்பது தேவலை. பொய்த் தாள் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சாட்சி.

பூட்டு

தொட்டிக்கு வரும் ஒவ்வொரு குழாயின் வால்வையும் மூடிப் பூட்டுங்கள். பயோகேஸ் குழாய் என்றால் வால்வை நம்ப வேண்டாம். குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டை (ஃபிளாஞ்சை) கழற்றி நடுவே இரும்புத் தகடு வைத்து முறுக்குங்கள். கலக்கி, பம்பு எல்லாவற்றின் மெயின் சுவிட்சையும் அணைத்துப் பூட்டு போட வேண்டும். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால் அது இறங்குபவரின் பையிலோ மேலே நிற்பவரின் பையிலோ இருக்க வேண்டும், பேனல் மேல் அல்ல. வேறு ஷிப்ட் ஆள் வந்து 'ஏன் ஓடல' என்று மாட்டிவிடுவார். பூட்டுக்கு ஒரே சாவி, அது பூட்டியவரிடம். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். தவறான சுவிட்சைப் பூட்டியிருந்தால் அப்போது தெரியும்.

உள்ளே வெளிச்சத்துக்கு 24 வோல்ட்டுக்கு மேற்படாத கைவிளக்கைத்தான் 1948 சட்டம் அனுமதித்தது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எரியும் வாயு இருக்க வாய்ப்பிருந்தால் தீப்பொறி வெளிவராத வகை வேண்டும். 230 வோல்ட் ஹோல்டரில் பல்பு மாட்டி ஒயரைத் தொங்கவிடுவது ஈரத் தொட்டியில் மின்சார மரணத்துக்கு வழி. ஆள் உள்ளே இருக்கும்போது தண்ணீர் பம்பும் ஓடக்கூடாது. பெட்ரோல், டீசல் இன்ஜின் பம்பைத் தொட்டிக்குள் இறக்குவது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடு நிரம்பும்.

காற்று

மூடிகள் எல்லாவற்றையும் திற. திறந்து வைத்தாலே போதும் என்று ஒரு நாள் விட்டுவிடுவது பலரின் வழக்கம். கனமான வாயு திறந்த வாய் வழியாகத் தானாக ஏறி வராது. ஊதுகிற பிளோயர் வேண்டும்; அதன் குழாய் தொட்டியின் அடிவரை போக வேண்டும்.

எவ்வளவு நேரம்? தொட்டியின் கன அளவை 7.5 ஆல் பெருக்கி, பிளோயர் மணிக்குத் தரும் காற்றின் கன மீட்டரால் வகுங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் என்றால் 36 கன மீட்டர். குழாய் முனையில் உண்மையாக வருவது மணிக்கு 1,000 கன மீட்டர் என்று வையுங்கள். 36 × 7.5 = 270; 1,000 ஆல் வகுத்தால் 0.27 மணி, அதாவது சுமார் 16 நிமிடம். நடைமுறையில் அரை மணி கொடுங்கள். பிளோயரின் தகட்டில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். நீளக் குழாயும் இரண்டு வளைவும் சேர்ந்தால் காற்று கணிசமாகக் குறையும்.

பிளோயர் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கோ, லாரி நிற்கும் இடத்துக்கோ, வறுக்கும் அடுப்புக்கோ பக்கத்தில் இருந்தால் உள்ளே விஷத்தை ஊதுகிறீர்கள். வெல்டிங்கில் இருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் 'யோசனை' யாருக்காவது தோன்றும். ஆக்சிஜன் கூடினால் துணியும் தலைமுடியும் பஞ்சாகப் பற்றும். கூடவே கூடாது.

வேலை முடியும்வரை பிளோயர் நிற்கக்கூடாது. கரண்ட் போனால் ஆள் உடனே மேலே. 'ஜெனரேட்டர் போடறோம், இருங்க' என்பதெல்லாம் வெளியே வந்த பிறகு.

அளவு எடுப்பது

நான்கு வாயு காட்டும் மீட்டர் ஒன்று வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஆக வேண்டும்: ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு. கயிற்றிலோ உறிஞ்சும் குழாயிலோ இறக்கி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு நிமிடமாவது நிறுத்துங்கள். குழாய் நீளமாக இருந்தால் காற்று மீட்டருக்கு வந்து சேரவே நேரமாகும். ஏணியில் இறங்கிக்கொண்டே பார்ப்பது அளவெடுப்பதில் சேராது.

ஆக்சிஜன் 19.5-க்குக் கீழோ 23.5 சதவீதத்துக்கு மேலோ இருந்தால் இறங்கக்கூடாது. எரியும் வாயு, வெடிக்கும் கீழ் வரம்பில் (மீத்தேனுக்குக் காற்றில் 5 சதவீதம்) 10 சதவீதத்தைத் தொட்டால் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 35 பிபிஎம்: தொட்டால் மறுபடி காற்று ஊத வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள், இங்கேதான் மீட்டர் வைத்திருப்பவர்களே ஏமாறுகிறார்கள். நான்கு வாயு மீட்டர் கார்பன்-டை-ஆக்சைடைக் காட்டாது. மாவு புளிக்கும் தொட்டியில் முதலில் வருவதே அதுதான். அது 5 சதவீதம் சேர்ந்தால் ஆக்சிஜன் 20.9-லிருந்து ஏறக்குறைய 19.9-க்குத்தான் இறங்கும். மீட்டர் 'சரி' என்று பச்சை காட்டும். 4 சதவீதத்திலேயே கார்பன்-டை-ஆக்சைடு உயிருக்கு ஆபத்து. ஆகவே சேகோ தொட்டிக்கு 19.5 என்ற வரம்பைப் பிடித்துத் தொங்காதீர்கள். வெளியே வெட்டவெளியில் மீட்டர் 20.9 காட்டினால் உள்ளேயும் 20.9 காட்டும்வரை ஊதுங்கள். அரைப் புள்ளி குறைந்தாலும் ஏன் குறைகிறது என்று தெரியாமல் ஆளை இறக்காதீர்கள்.

மீட்டரைச் சோதனை வாயுவில் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சென்சார்களுக்கு ஆயுள் உண்டு; காலாவதியான மீட்டரும் சுழியம் காட்டும், பார்ப்பதற்கு நல்ல செய்தி போலவே இருக்கும்.

இறங்கும் ஆள், நிற்கும் ஆள்

1948 சட்டம் சொன்னது இடுப்பு வாரும் கயிறும். வேலைக்கு வேண்டியது தோளையும் தொடையையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ், முதுகுப்பக்கம் வளையம் உள்ளது, ஐ.எஸ். 3521 முத்திரை பார்த்து வாங்குங்கள். இடுப்பில் மட்டும் கட்டித் தூக்கினால் ஆள் இரண்டாக மடிந்து மூடித் துவாரத்தில் சிக்குவார். துவாரத்துக்கு மேலே முக்காலி, அதில் கயிற்றைக் கையால் சுற்றித் தூக்கும் வின்ச். இது ஆடம்பரம் என்று நினைப்பவர் ஹார்னஸை 90 கிலோ ஜவ்வரிசி மூட்டையில் மாட்டி, வெறுங்கயிற்றில் மூன்று மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டு பேரை விட்டு இழுக்கச் சொல்லிப் பார்க்கட்டும். மயங்கிய ஆள் மூட்டையைவிட எடை குறைவாக இருக்கலாம், ஆனால் பிடி கொடுக்க மாட்டார். வருடத்துக்கு ஒருமுறை இந்த ஒத்திகையை மூட்டையோடு செய்து தேதியை நோட்டில் எழுதுங்கள்.

முகத்தில் துண்டு, துணி மாஸ்க், ஃபில்டர் மாஸ்க் எதுவும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் காற்றை உண்டாக்கித் தராது. அளவு சரியாக வராத தொட்டிக்குள் போகவே வேண்டுமென்றால் முதுகில் சிலிண்டர் சுமக்கும் சுவாசக் கருவி, அதைப் பழகிய ஆள், இரண்டும் வேண்டும். ஆலையில் அப்படி ஆள் இல்லையென்றால் வேலையை வெளியே கொடுங்கள். ஆயில் போட்டு ஓடும் சாதா கம்ப்ரசரிலிருந்து மூச்சுக் காற்று எடுக்காதீர்கள்.

மேலே நிற்பவருக்கு அது ஒன்றே வேலை. டீ வாங்கப் போகக்கூடாது, போனில் பேசக்கூடாது, 'கொஞ்சம் அந்த வால்வைத் திருப்பு' என்று மேனேஜரே கூப்பிட்டாலும் நகரக்கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் தாமதித்தாலோ உளறினாலோ, காரணம் கேட்காமல் வின்சைச் சுற்ற வேண்டும்.

மீட்டர் இறங்கியவரின் மார்பிலேயே இருக்கட்டும். தொடங்கும்போது சுழியமாக இருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு, திப்பியைக் கிளறிய நொடியில் நூற்றுக்கணக்கில் ஏறும். வாயு சேற்றுக்குள் குமிழாக அடைபட்டிருக்கிறது. மண்வெட்டி அதை உடைக்கிறது. காலையில் எடுத்த நல்ல அளவைக் காட்டி 'டெஸ்ட் பண்ணினோமே' என்று பிறகு சொல்வதில் பயனில்லை. கிளறுவதானால் மேலிருந்து நீளக் கம்பால் கிளறிவிட்டு, கால் மணி நேரம் ஊதி, மறுபடி அளந்து, அப்புறம் இறங்குங்கள்.

விழுந்துவிட்டால்

யாரும் குதிக்கக்கூடாது. அண்ணன் தம்பியாக இருந்தாலும். இதை அன்றைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, முன்பே சொல்லியிருக்க வேண்டும். வின்சால் தூக்குங்கள். பிளோயரை முழு வேகத்தில் வையுங்கள். 101-க்கும் 108-க்கும் போன் போடுங்கள்; 'தொட்டிக்குள் வாயு, ஒருவர் மயக்கம், மூச்சுக் கருவி வேண்டும்' என்று அதே சொற்களில் சொல்லுங்கள், வண்டியில் என்ன ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரியும். வெளியே எடுத்தவரைக் காற்றோட்டத்தில் படுக்கவைத்து, மூச்சு இல்லையென்றால் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதுவதைத் தவிருங்கள். ஊதுபவரும் விஷத்தை உள்ளிழுக்கலாம்.

கழிவறைத் தொட்டி வேறு கணக்கு

தொழிலாளர் கழிவறையின் செப்டிக் டேங்க்குக்கு, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 'சேகோ தொட்டியோட இதையும் பார்த்துடுங்கப்பா' என்று அதே நாலு பேரிடம் ஐநூறு ரூபாய் கூடக் கொடுப்பதை இத்தோடு நிறுத்துங்கள். லாரி வந்து உறிஞ்சட்டும்.

மற்றவை, சுருக்கமாக

ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒரே வாளியில், ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது. கலந்தால் குளோரின் வாயு. நாறும் கழிவுநீரில் ஆசிட் ஊற்றினால் கரைந்திருக்கும் சல்ஃபைடு மொத்தமும் வாயுவாகக் கிளம்பும்.

பெல்ட், புல்லி, ஃபிளைவீல் எல்லாவற்றுக்கும் கம்பி வலைக் காப்பு வேண்டும். 12 மி.மீ. கண்ணி என்றால் பெல்ட்டிலிருந்து 100 மி.மீ. தள்ளி, ஒட்டி மாட்டினால் விரல் நுனி உள்ளே போகும். காப்பைப் போல்ட் போட்டு முறுக்குங்கள், கம்பியால் கட்டினால் ஒரு வாரத்தில் ஓரமாகச் சாய்ந்து கிடக்கும். அரவை மெஷினில் கிழங்கு சிக்கினால் மோட்டாரை அணைத்து, உருளை நின்ற பிறகு மரக்கட்டையால் தள்ள வேண்டும். அணைத்த பிறகும் உருளை சிறிது நேரம் சுற்றும், கை போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, துப்பட்டாவோடு யாரும் அருகே நிற்கக்கூடாது. 18 வயது நிரம்பாதவரை மெஷின் பக்கமே விடாதீர்கள்.

விபத்து நடந்த பிறகு

காயம்பட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் சேலம் அலுவலகத்துக்கு அறிவிப்பு போக வேண்டும். மரணம் என்றால் உடனே, காவல் நிலையத்துக்கும் சேர்த்து. மீட்புக்காக நகர்த்தியதைத் தவிர எதையும் கலைக்காதீர்கள். தொட்டியைக் கழுவிவிட்டு, இல்லாத ஹார்னஸை ஓரமாகப் போட்டுப் படம் எடுப்பவர்கள் இரண்டாவது குற்றத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 10 பேர் இருந்தாலே பொருந்தும். மாதக் கூலி 21,000 ரூபாய் வரை. முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. வேலைக்காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது; முதல் நாளே விழுந்தாலும் சிகிச்சையும் உதவித்தொகையும் உண்டு. 'ஒரு மாசம் நிக்கிறானான்னு பார்த்துட்டு பதியலாம்' என்பதுதான் பொறி. பதியாத ஆளுக்கு ஈ.எஸ்.ஐ. கொடுத்ததை முதலாளியிடம் வசூலிக்கும்.

ஈ.எஸ்.ஐ. பொருந்தாத இடத்தில் மரண இழப்பீடு: மாதக் கூலியில் பாதியை, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். கூலி 15,000, வயது 30 என்றால் காரணி 207.98. 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு மேற்கொண்டு 50 சதவீதம் வரை தண்டம். குடும்பத்தோடு ஊர்ப் பெரியவர் முன்னிலையில் பேசி முடித்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது இந்தப் பொறுப்பைத் தீர்க்காது.

தொழிலாளிக்கும் மேஸ்திரிக்கும்

உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகத் தோன்றினால் முதலாளியிடம் சொல்லலாம். அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லலாம். இது 2020 சட்டத் தொகுப்பின் 14-ஆம் பிரிவு தரும் உரிமை. வாயால் சொன்னதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள், தேதியும் நேரமும் தானாகப் பதியும். மறுபக்கம், கொடுத்த ஹார்னஸைப் போடாமல் இறங்குவதும், காப்பைக் கழற்றி வைப்பதும் தொழிலாளியின் கடமை மீறல்; அதற்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

ஒவ்வொரு மூடியிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்பில் கை அகல எழுத்தில் எழுதுங்கள்: 'விஷ வாயு. பெர்மிட் இல்லாமல் இறங்காதே. ஒருவர் விழுந்தால் குதிக்காதே. 101, 108.' வட மாநில ஆட்கள் வேலை செய்தால் அதன் கீழேயே இந்தியிலும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். மண்டை ஓட்டுப் படமும் வரையச் சொல்லுங்கள். மூடிக்குப் பூட்டு. சாவி மேனேஜர் மேசையில், பெர்மிட் புத்தகத்தோடு சேர்த்து.